ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும்

பாய் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது மொத்தம் இரண்டே தடவை. மற்ற நேரமெல்லாம் அவர் பார்த்தது என் வேனின் சைலன்சர் குழாயை. ஒரு மாதம் என்னோடு ரோடு ரோடாக வந்த ஒரு மனிதரைப் பற்றி இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் சுபாவம் அப்படி.

நான் துடியலூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். ஊரார் பிள்ளைகளை இருபது வருடமாக ஏற்றி இறக்குகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதத்தில் என் வேன் புகை தள்ள ஆரம்பித்தது. சிக்னலில் ஸ்கூட்டரை என் பக்கம் நிறுத்திய ஒரு பெண், "ஏனுங்க்கா, இது ஸ்கூல் வேனுங்களா, கொசு மருந்து அடிக்கற வண்டிங்களா?" என்று கேட்டாள். "கொசுவுக்குத்தான் அடிக்கறேன். நீ ஏன் கண்ணு பின்னால வாரே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டேனே தவிர, வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் போனேன். எட்டுப் பிள்ளைகள். வேன் இரண்டு நாள் நின்றால் போதும், அம்மாக்கள் மூன்றாம் நாள் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வண்டி ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

துடியலூரில் நாலு பேரிடம் காட்டினேன். ஒருவர் கார்புரேட்டர் என்றார். ஒருவர் ஹெட் கேஸ்கட் என்றார். ஒருவர் பெட்ரோல் சரியில்லை என்று பங்க்காரரைத் திட்டினார். நாலாவது ஆள், "பேசாம வித்துப்போடுங்க" என்றார். அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அப்புறம்தான் யாரோ சொல்லி உக்கடத்துக்குப் போனேன். லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் ஒரு தகர ஷெட். போர்டு இல்லை. 'என்ஜின் பாய்' என்றால் எதிர்த்த டீக்கடைக்காரர் கை காட்டுவார்.

அறுபது வயதிருக்கும். ஒல்லி. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் மடித்து வைத்த வெள்ளைத் துணி ஒன்று. நான் வேனைவிட்டு இறங்கி, நடந்ததையெல்லாம் ஆதியோடு அந்தமாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைத் தாண்டி வேனின் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பேசிக்கொண்டிருந்தது காற்றோடு.

"பொகை எப்ப வருதுங்க?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"எப்பவும்தான் வருது."

"எப்பவும்ங்கறது கெடையாதுங்க அம்மணி. ஸ்டார்ட் பண்ணறப்பவா, ஆக்ஸிலேட்டர் அமுக்கறப்பவா, எறக்கத்துல காலை எடுத்துட்டு மறுபடி அமுக்கறப்பவா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள். அதைச் சொன்னேன். "அதுதானுங்க" என்றார், நான் ஏதோ சரியான விடை சொன்னதுபோல. என்னை ஏறி உட்காரச் சொல்லி, அமுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி அமுக்கச் சொன்னார். வெள்ளைத் துணியைக் குழாய் வாயில் பிடித்துக் கறை பார்த்தார். அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கால் மணி நேரம் ஆனது. "நீலமுங்க" என்றார் கடைசியில். "அமுக்கறப்பவும் நீலம், வுட்டு அமுக்கறப்பவும் நீலம். ரிங்கும் போச்சு, வால்வு சீலும் போச்சு. என்ஜினை எறக்கோணுங்க."

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதெல்லாம் அவரிடம் நான் தெரிந்துகொண்டது. அவர் கற்றுக்கொடுக்கவில்லை. தனக்குத்தானே முனகிக்கொள்வார், நாம் காது கொடுத்தால் உண்டு.

என்ஜின் வேலை பன்னிரண்டு நாளில் முடிந்தது. ஏப்ரல் கடைசி. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று போனவளை அவர் விடவில்லை.

"ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் இது உங்க வண்டி இல்லீங்க" என்றார் சைலன்சரிடம்.

"அப்புறம் யாரு வண்டி? உங்க வண்டிங்களா?"

"யாரு வண்டியும் இல்லீங்க. புது ரிங்கும் சிலிண்டர் போரும் ஒண்ணுக்கொண்ணு பழகோணும். அது வரைக்கும் ஒரு குழந்தையக்கூட ஏத்தப்படாது. அம்பதைத் தாண்டப்படாது. ஒரே வேகத்துலயும் போவப்படாது. முப்பது, நாப்பது, மறுபடி முப்பது. இப்படி ஏத்தி எறக்கி ஓட்டோணும். தெனமும் காலைல ஓட்டுங்க. நான் என் மொபெட்ல பின்னால வாரேன்."

"பின்னால எதுக்குங்க? வேன்லயே உக்காந்துக்கலாமே. இல்லாட்டி நீங்களே ஓட்டுங்க."

"ஓட்டறவனுக்குப் பொகை தெரியாதுங்க அம்மணி. உங்க கண்ணாடில நான் தெரிஞ்சுட்டே இருக்கோணும். நான் காணாமப் போனா நீங்க வேகமாப் போறீங்கன்னு அர்த்தம். நிறுத்திப்போடுங்க."

இதுதான் அவருடைய முறை. அந்த மொபெட் ஐம்பதுக்கு மேல் போகாது. அதனால் முன்னால் போகிற வண்டியும் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. அவர் என்ஜின் கட்டிய ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் இப்படி ஆயிரம் கிலோமீட்டர் போயிருக்கிறார். அன்னூர்ப் பக்கத்து மில்காரர் ஒருவர் என்ஜின் கட்டிய தன் காரை ஓட்ட டிரைவரை அனுப்பினாராம். டிரைவர், கிழவர் பின்னால் வருவதை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் மிதித்துப் பறந்துவிட்டான். பாய் பாதி வழியில் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதே கார் நீலப் புகையோடு ஷெட்டுக்கு வந்தபோது, "நான் பின்னால இல்லீங்களே, எனக்கெப்படிங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலையைப் பார்த்தாராம். இதை எனக்குச் சொன்னது எதிர்த்த டீக்கடைக்காரர். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"ஆயிரம் முடிஞ்சு ஆயிலை மாத்தினார்னா அதோட சரிங்க. அப்புறம் நீங்க யாரோ, அவரு யாரோ."

ஒரு வாடிக்கையாளர் தன் புதுவீட்டு விசேஷத்துக்கு வருந்தி வருந்தி அழைத்திருக்கிறார். பாயும் போயிருக்கிறார். வாசலில் கைகூப்பி நின்றவர் யாரென்று இவருக்குத் தெரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றவர், ஓரமாக நின்ற காரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான், "ஓ, நீங்களா" என்று திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டார். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. அழுது முடித்து, லைசென்ஸ் எடுத்து, வேன் வாங்கினேன். பள்ளி நடக்கிற மாதங்களில் ஒன்றும் தெரியாது. எட்டுப் பிள்ளைகள் போடுகிற கூச்சலில் நமக்கு நம் கவலை காதில் விழாது. ஏப்ரல், மே வந்தால்தான் ஆகாது. காலையில் ஐந்து மணிக்குப் பழக்கத்தில் எழுந்துகொண்டு, யாரைக் கிளப்பப் போகிறோம் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். சில நாள் மத்தியானம் வரைக்கும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள் சொல்கிறேன்.

அந்த மே மாதம் தினமும் காலை ஆறு மணிக்கு, துடியலூர் பெட்ரோல் பங்க் ஓரத்தில் பாய் மொபெட்டோடு நிற்பார். உக்கடத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து நிற்பார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு வேனுக்குப் பின்னால் போய்விடுவார். மேட்டுப்பாளையம் ரோட்டில் கிளம்புவோம். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. முதல் இரண்டு நாள் கொஞ்சம் புகை வந்தது. மாட்டும்போது தடவிய ஆயில் எரிகிறது, அது கணக்கில் இல்லை என்றார். மூன்றாம் நாளிலிருந்து குழாய் சுத்தம்.

காரமடையில் டீக்கு நிறுத்துவோம். அவர் என்ஜின் மேலிருக்கும் சீட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு வேனின் பின்கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்று குடிப்பார். நான் டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து குடிப்பேன். எங்களுக்கு நடுவில் எட்டுப் பிள்ளைகள் உட்காருகிற காலி சீட்டுகள். பேச்செல்லாம் அந்த நீளத்துக்குத்தான்.

"ஊட்டுல யாருங்க பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான்தானுங்க."

"ஊட்டுக்கார அம்மா?"

"மவுத்தாகி ஒம்பது வருசமாச்சுங்க." டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தைக் கீழே ஊற்றினார். "பொண்ணு பெங்களூர்ல இருக்குது. நல்லா இருக்குதுங்க." பிறகு குனிந்து குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "சாம்பல் நெறம் வருது. நல்லதுங்க" என்றார்.

அவர் பேச்சில் எது மகளைப் பற்றியது, எது என்ஜினைப் பற்றியது என்று சமயத்தில் குழம்பிவிடும்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ராத்திரி கோடை மழை அடித்து ஓய்ந்த காலை. மேட்டுப்பாளையத்தை நெருங்க நெருங்கக் குளிர் ஏறியது. கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் வெள்ளைவெளேரென்று புகை. பாயையே மறைக்கிறது. வெள்ளை என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் மறுபடி என்ஜினைப் பிரிக்க வேண்டும். ஜூன் போச்சு, பிள்ளைகள் போச்சு. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

பாய் நிதானமாக மொபெட்டை நிறுத்தினார். உள்ளங்கையைப் புகைக்குள் நீட்டினார். முகர்ந்தார். இரண்டு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, என்றும் இல்லாத வழக்கமாக, வேனைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"குளிருக்கு வார ஆவிதானுங்க. குழாய் சூடானா நின்னு போயிரும்." என் முகத்தைப் பார்த்தார். "பயந்துட்டீங்களா அம்மணி?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. புகையால் வந்ததில்லை. என்னைப் பார்த்து, பயந்துவிட்டாயா என்று ஒரு மனுஷர் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது. எல்லோரும் என்னைக் கண்டுதான் பயப்படுவார்கள். "இல்லீங்க, தூசி" என்றேன். மழை பெய்த ரோட்டில் ஏது தூசி? அவர் பின்னால் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஓட்டும்போது கண்ணாடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். சத்தமாகத்தான். அவருக்குக் கேட்காது என்ற தைரியம். வீட்டுக்காரர் போன கதை, மாமியார் பேசிய பேச்சு, காய்ச்சலில் தனியாகக் கிடந்த நாலு நாள், எல்லாம் சொன்னேன். பாய் புகை பார்ப்பதற்காகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக்கொண்டு வருவார். கண்ணாடியில் பார்க்க நான் சொல்வதற்குத் தலையாட்டுவது போலவே இருக்கும். இடையிடையே, "அப்படித்தானுங்களே பாய்?" என்று கேட்பேன். ஆட்டுவார். இதைப் படிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தூரம் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆனைமலைக்குப் போகச் சொன்னார். பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, அதே நாற்பதில் உருட்டிக்கொண்டு போனோம். மாசாணியம்மன் கோவிலில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. அங்கே வஞ்சிக்கப்பட்டவர்கள் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள், வஞ்சித்தவனை அம்மன் கேட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் என்னை விட்டுப்போன வருடமே அரைத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், கை வரவில்லை. அன்று வரிசையில் நின்றேன். முன்னால் இருந்த பெண் அழுதுகொண்டே அரைத்தாள். என் முறை வந்தபோது யோசித்துப் பார்க்கிறேன், அந்த ஆள்மேல் எனக்குக் கோபமே இல்லை. நல்லபடியாக இருக்கட்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவரை நினைக்கவே தோன்றவில்லை. வெளியே வேனின் பின்னால் ஒருவர் வெயிலில் நிற்கிறாரே, டீ குடித்தாரோ என்னவோ என்றுதான் மனசு ஓடியது. மிளகாயைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

"சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் பாய், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அன்று வீடு திரும்பி மீட்டரைப் பார்த்தேன். எழுநூறு ஓடியிருந்தது. இன்னும் முந்நூறு. ஆறு காலை. அப்புறம் ஆயிலை மாற்றுவார். நீங்கள் யாரோ, அவர் யாரோ. டீக்கடைக்காரர் சொன்னபோது சிரித்த சிரிப்பு இப்போது வரவில்லை. ஷெட்டுக்கு நான் போனால்கூட, வேனின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் என்னை அடையாளம் காண்பார்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். அத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்த எவளும் செய்யக் கூடாத காரியம். மேட்டுப்பாளையத்தில் திரும்பும்போது, டயரைப் பார்ப்பதுபோல நிறுத்தி, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டேன். முள் படுத்துக்கொண்டது. எண்கள் நின்றுவிட்டன. வேகத்துக்கு மீட்டர் எதற்கு, கண்ணாடியில் பாய் இருக்கிறாரே. வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினேன். அன்று ஐம்பது ஓடியது, மீட்டரில் இருபத்தைந்து. பின்னால் மொபெட்டில் வருகிறவருக்கு என் டாஷ்போர்டு தெரியாது. தினமும் இப்படிச் செய்தேன். போகும்போது மாட்டிக்கொண்டு, வரும்போது கழற்றிக்கொண்டு. ஆறு காலை பன்னிரண்டு காலையாகும். பள்ளி திறப்பதற்கு முதல் நாள் சரியாக ஆயிரம் முடிகிற மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பலனும் அனுபவித்தேன். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஏதோ பயிற்சி வகுப்பு என்று ஒரு அம்மா போன் செய்தாள். "அக்கா, எங்க ரெண்டையும் கூட்டிட்டுப் போறீங்களா? திங்கக்கெழமையிலருந்து."

"என்ஜின் இன்னும் பழகலீங்க அம்மணி. லோடு ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஒரு மாசமா பழகலீங்களா?"

அந்த இரண்டு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள். எட்டு ஆறாகியது. கேபிள் கழற்றாமல் இருந்திருந்தால் அவர்கள் என்னோடு இருந்திருப்பார்கள். தெரிந்தேதான் விட்டேன். அன்றும் வரும்போது கழற்றினேன்.

நடுவில், மீட்டரில் எண்ணூற்றைம்பது இருந்த ஒருநாள், "வண்டிய ஒரு நாள் ஷெட்டுல வுட்டுப்போட்டுப் போங்க அம்மணி. வால்வு டேப்பெட் பாக்கோணும்" என்றார். விட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பங்க் ஓரத்தில் வேனை அவரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வேனுக்குள் மொபெட்டைப் படுக்கவைத்து ஏற்றி வந்திருந்தார். இறக்கி, ஸ்டார்ட் செய்து, வழக்கம்போலப் பின்னால் போனார்.

கடைசி நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு ஏதோ ஜோலி இருந்ததால் சாயங்காலம் ஓட்டினோம். துடியலூர் பங்க்கில் நிறுத்தி, "ஆயிரமுங்க பாய்" என்றேன். அவர் சீட்டைத் தூக்கி ஆயில் குச்சியைப் பார்த்தார். குழாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணியில் ஒன்றும் இல்லை. மடித்துப் பையில் வைத்தார்.

"சரிங்க அம்மணி. நாளையிலருந்து குழந்தைகள ஏத்துங்க. இனி உங்க வண்டிங்க."

"ஆயில் மாத்தலீங்களா? ஆயிரத்துல மாத்தோணும்னு சொன்னீங்க."

"மாத்தியாச்சுங்க."

"எப்போ?"

"ஆயிரத்துலதானுங்க. டேப்பெட் பாக்கோணும்னு வாங்கினனே, அன்னிக்கு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது காது மடல் சுட்டது. மேட்டுப்பாளையத்துக்கும் துடியலூருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று, வாழ்நாள் முழுக்க அந்த ரோட்டில் நாற்பதில் போனவருக்குத் தெரியாதா? முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆயிரம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு பொய்யைச் சொல்லி வண்டியை வாங்கி, ஆயிலை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் ஆறு நாள், முந்நூறு கிலோமீட்டர், பின்னால் வந்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏனுங்க பாய் வந்தீங்க?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை.

"நீங்களா எப்ப போதும்ங்கறீங்களோ, அது வரைக்கும் வரலாம்னு இருந்தனுங்க. எனக்கும் ஊட்டுக்குப் போயி என்னங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாளைக்கும் வாங்க பாய் என்று சொல்லியிருக்கலாம். போதும் என்று நான் எப்போது சொன்னேன் என்று சண்டை பிடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையானால் காரமடை வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அதற்கு என்ஜின் புதிதாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊர் வாயையெல்லாம் அடைக்கிற என் வாய்க்கு அன்று வந்தது ஒரே வார்த்தை.

"சரிங்க" என்றேன்.

அவரும் "சரிங்க" என்றார்.

மற்ற நாட்களில் என் வேன் தெருவுக்குள் திரும்பி மறைகிற வரைக்கும் அவர் பங்க்கிலேயே நின்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் கிளம்புவார். அன்று வேலை முடிந்துவிட்டதே. மொபெட்டை ஸ்டார்ட் செய்து எனக்கு முன்னால் போனார். அவர் போவதை அன்றுதான் பார்த்தேன். சட்டையின் முதுகில் தையல் விட்டிருந்தது. அவர் ஆக்ஸிலேட்டரைத் திருகி வேகம் எடுத்தபோது மொபெட்டின் பின்னால் புகை வந்தது.

நீலம். எனக்கு நிறம் தெரியாமல் இல்லை, அதற்குள் அவ்வளவு பழகியிருந்தேன். அமுக்கும்போது நீலம். வேகத்தடையில் விட்டு மறுபடி அமுக்கும்போது இன்னும் நீலம். ஆயில் குறைவது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தன் வண்டிதானே என்று ஊற்றி ஊற்றி ஓட்டியிருப்பார். ஆனால் இவ்வளவு புகைகிறது என்று தெரிந்திருக்காது. அவருக்குப் பின்னால் யாரும் போனதில்லை.

வேனை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். கவுண்டம்பாளையத்தில் நெருங்கி இரண்டு தடவை ஹார்ன் அடித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ அவசரக்காரர் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, போங்க போங்க என்று கையை ஆட்டினார். நான் முந்தவில்லை. நாற்பதிலேயே, என் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் திட்டத் திட்ட, டவுனைக் கடந்து கோட்டைமேடு வரைக்கும் போனேன். வழியெல்லாம் அந்தப் புகை என் முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தது. எனக்கு அது உறுத்தவில்லை.

ஒரு சந்துக்கு முன்னால் மொபெட்டை அணைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாவது வீட்டில் நிறுத்தினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். சந்து முனையில் வேனை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போட்டார். கதவு சாத்திக்கொண்டது.

இறங்கி இருபது அடி நடந்திருந்தால் போதும். பாய், உங்க வண்டி நீலமா வுடுதுங்க, நாளைக்குக் காலைல நான் பின்னால வாரேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். துடியலூர் திரும்புகிற வரைக்கும் காலி வேனுக்குள் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.